நாற்பதில் ஒருவன் குறைந்தால்

நேற்று ஞாயிற்றுக்கிழமை. என் கடைசி மகள் ஆயிஷா சாப்பாட்டு மேசையில் அச்சடித்த தாள் ஒன்றைப் பரப்பி வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. இன்றைக்குப் புள்ளியியலில் பரீட்சை. நான் சாயாவை ஆற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். தாள் முழுக்கச் சராசரி, இடைநிலை, முகடு, வீச்சு. ஏழாவது கணக்கை அவள் வாய்விட்டுப் படித்தாள். பத்து மாணவர்களின் சராசரி மதிப்பெண் 42. ஒருவன் பள்ளியை விட்டுப் போகிறான். மிச்சம் ஒன்பது பேரின் சராசரி 45. போனவனின் மதிப்பெண் என்ன?

"நானூத்தியிருபது. அதுலேர்ந்து நானூத்தியஞ்சு போனா பதினஞ்சு" என்றாள். மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. என் பிள்ளைதான்.

"அவன் ஏன் போனானாம்?"

"அதெல்லாம் கேக்கல அத்தா. மார்க் மட்டும்தான் கேட்டிருக்கு."

"எங்க போனான்னாவது போட்டிருக்கா?"

"அத்தா, ஒங்களுக்கு இன்னிக்கு வேற வேலையில்லையா?"

அவள் எட்டாவது கணக்குக்குப் போய்விட்டாள். நான் டம்ளரை வைத்துவிட்டு வெளியே இறங்கிப் படகு ஜெட்டி வரைக்கும் நடந்தேன். திரும்பி வந்து இதை எழுத உட்கார்ந்தேன். நீ போய் ஏழு மாதமாகிறது. உயிரோடு இருந்தபோது உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. தினமும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

இதைத் தமிழில் எழுதுவதற்கும் நீதான் காரணம். எங்கள் வீட்டில் தமிழ் பேச்சோடு சரி. எழுத்து மலையாளம். ஏழாம் வகுப்பில் நீ கம்பம் பக்கத்திலிருந்து வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தாய். உன் அத்தா பஜார் ரோட்டில் மூட்டை தூக்க வந்தவர். உனக்கு மலையாள எழுத்து ஓடாது, எனக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நான் உனக்குப் பாடப்புத்தகத்தைப் படித்துச் சொல்வேன், நீ எனக்கு ஸ்லேட்டுக் குச்சியால் கிடங்குச் சுவரில் அ, ஆ எழுதிக் காட்டுவாய். நல்ல பண்டமாற்று. ஆனால் நான் வாங்கியது இன்னும் என்னிடம் இருக்கிறது. நான் கொடுத்தது பரீட்சை ஹால் வாசலோடு நின்றுவிட்டது. அங்கே உனக்குக் கேள்வியைப் படித்துச் சொல்ல ஆள் கிடையாது.

கணக்கு உனக்கு வராது என்று பள்ளிக்கூடமே சொன்னது. பொய். ஒரு குடும்பத்துக்குச் சராசரி 4.6 பேர் என்று நான் படித்துச் சொன்னபோது நீ கேட்டாய், "அந்தப் பாயிண்ட் ஆறு யாருடா? எங்க வீட்ல அது என் கடைசித் தம்பியாத்தான் இருக்கணும். பாதி நேரம் வீட்லயே இருக்க மாட்டான்." இன்னொரு தடவை கணக்கு சார், ஐந்து நாள் ஏதாவது ஒன்றை எண்ணிக்கொண்டு வந்து சராசரி போட்டுக் காட்டச் சொன்னார். எல்லோரும் மழை, படகு, பஸ் என்று எண்ணினார்கள். பேச்சுக்குப் பேச்சு கேட்டாயா என்கிற மாதிரி வரும் அந்த "கேட்டோ"வைச் சார் ஒரு பீரியடில் எத்தனை தடவை சொல்கிறார் என்று நீ எண்ணினாய். நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு கோடாகப் போட்டு, ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுத்து வைத்திருந்தாய். 21, 17, 21, 30, 21. முப்பது வந்தது ஹெட்மாஸ்டர் வகுப்பைப் பார்க்க வந்த வியாழக்கிழமை.

"சராசரி இருபத்திரண்டு. ஆனா ஒரு நாள்கூட அந்த ஆளு இருபத்திரண்டு தடவ சொல்லல, பாத்தியா? ஹெட்மாஸ்டர் ஒருத்தர் வந்து மொத்தக் கணக்கையும் தூக்கி விட்டுட்டாரு. நடுவுல நிக்கற இருபத்தொண்ணுதான் நெஜம்" என்றாய்.

இடைநிலை என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. உன் நோட்டைச் சாரிடம் காட்ட உனக்குத் தைரியமில்லை. மழையை எண்ணியதாக ஏதோ எழுதிக் கொடுத்தாய். அதுவும் மலையாளத்தில் பிழையாக. அடி விழுந்தது.

இனிமேல் எழுதப்போவது உனக்குத் தெரியாது. தெரியாமலேதான் போனாய்.

நம் கணக்கு சாருக்கு ஒரு வழக்கம். ஒவ்வொரு பரீட்சை முடிந்ததும் மார்க் லிஸ்ட்டைக் கூட்டிச் சராசரி போடும் வேலையைக் கணக்கில் வேகமான பையனிடம் கொடுப்பார். அவருக்கு வேலை மிச்சம், பையனுக்குப் பெருமை. ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பையன் நான். கிறிஸ்துமஸ் பரீட்சை முடிந்த வாரம், ஒரு மத்தியானம், ஸ்டாஃப் ரூமில் அவர் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கூட்டினேன். நாற்பது பேர். மொத்தம் 1960. சராசரி 49.

சார் உச்சுக்கொட்டினார். எந்தப் பிரிவின் சராசரி ஐம்பதைத் தொடுகிறதோ அதன் வாத்தியாருக்குத்தான் அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு என்று ஹெட்மாஸ்டர் சொல்லியிருந்தார். பத்தாம் வகுப்பு எடுக்கிற வாத்தியார் என்றால் ஊரில் மதிப்பே வேறு. வருஷப் பரீட்சைக்குள் ஒரு புள்ளியை எப்படி ஏற்றுவது என்று அவர் தனக்குத்தானே முனகிக்கொண்டிருந்தார். என்னைக் கேட்கவில்லை. இதை நன்றாகக் கவனி. என்னை யாரும் கேட்கவில்லை.

நேரான வழி எனக்கு முதலில் தெரிந்தது. நாற்பது மார்க் குறைகிறது, நாற்பது பேர் இருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு மார்க் கூட எடுத்தால் தீர்ந்தது. ஆனால் அது எனக்குச் சப்பென்று இருந்தது. அதில் சாமர்த்தியம் ஏது? என் கண் பட்டியலில் கீழே இறங்கி 10 என்ற எண்ணில் நின்றது. என் நம்பருக்கு அடுத்த நம்பர். யாருடையது என்று தெரியாது என்று பிற்காலத்தில் எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். செல்லுபடியாகவில்லை. தெரியும். அந்தப் பத்து, கணக்குக்குக் கிடைத்த மார்க் அல்ல, மலையாளத்துக்குக் கிடைத்த மார்க் என்பதும் அந்த ஸ்டாஃப் ரூமில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"சார், இந்தப் பத்தை எடுத்துட்டா சரியா வரும்" என்றேன். தாளின் பின்பக்கத்தில் எழுதியும் காட்டினேன். 1950 வகுத்தல் 39. ஐம்பது. மீதியில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், மீதியில்லாமல் வந்ததே என்று அந்த நிமிஷம் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சார் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மிடுக்கன்! நீ பெரிய கச்சவடக்காரனாவாய், கேட்டோ" என்று முதுகில் தட்டி, தன் தட்டில் இருந்த பழம்பொரியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். தின்றேன். கச்சவடக்காரனாகவும், அதாவது வியாபாரியாகவும், ஆனேன். அவர் வாக்கு பொய்க்கவில்லை.

அடுத்த வாரம் உன் அத்தாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். இப்போதே டி.சி. வாங்கிக்கொண்டால் ஃபெயில் என்ற பெயர் இல்லாமல் போகலாம், இருந்தால் ஒன்பதிலேயே உட்கார வேண்டியதுதான் என்றார்கள். மூட்டை தூக்கிய கையால் அவர் கையெழுத்துப் போட்டார். சலாம் வேறு சொல்லிவிட்டு வந்தார் என்று நீ சொன்னாய். அன்று சாயங்காலம் நீ எங்கள் வீட்டுக்கு வந்து உள்ளே ஏறாமல் வாசலிலேயே நின்றாய்.

"நீ பேசுனா கேப்பாருடா. ஒன்னத்தான் மிடுக்கன், கெட்டிக்காரன்னு சொல்றாரு. இந்த வருஷம் மட்டும் விடச் சொல்லு. மலையாளம் படிச்சிருவேன்."

"பேசிப் பாக்குறேன்" என்றேன்.

போனேன். மறுநாள் முதல் மணிக்கு முன்னாலேயே ஸ்டாஃப் ரூம் வாசல் வரைக்கும் போனேன். உள்ளே சார் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் பேசினால், "நீதானேடா வழி சொன்னே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவார் என்று பயம். மணி அடித்தது. வகுப்புக்குத் திரும்பிவிட்டேன். சாயங்காலம் நீ ஜெட்டியில் காத்திருந்தாய். "கெஞ்சிப் பாத்துட்டேன்டா. சண்டையே போட்டேன். மனுஷன் ஒத்துக்கல" என்றேன். நீ என் தோளில் கை போட்டாய். "விடு. நீ கேட்டியே, அது போதும்."

அந்த வருஷக் கடைசியில் என்ன ஆயிற்று தெரியுமா? வகுப்பில் நாலு பேருக்கு அம்மை வார்த்து, பரீட்சையில் கோட்டை விட்டார்கள். முப்பத்தொன்பது பேரின் சராசரி 47. அதற்கப்புறமும் சாருக்குப் பத்தாம் வகுப்பு கிடைத்தது. மற்ற பிரிவின் வாத்தியாருக்கு மாற்றல் வந்துவிட்டது. உன்னை எடுத்தது எதற்கும் உதவவில்லை. ஒரு கெட்ட காரியம் பலித்திருந்தாலாவது, அது எதற்காக என்று சொல்லிக்கொள்ள முடியும். இதற்கு அதுவும் இல்லை.

நீ மூட்டை தூக்கினாய். நான் கல்லூரியை அரைகுறையாக விட்டுவிட்டு மிளகு வியாபாரத்தில் இறங்கினேன். யார் தயவும் இல்லாமல் வந்தவன் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். நானும் மறுப்பதில்லை. கிடங்கு எடுத்த முதல் வாரமே உன்னைத் தேடிப் பிடித்துக் கையில் குத்தூசியைக் கொடுத்தேன். சாக்கைக் குத்தி மாதிரி எடுத்துத் தரம் சொல்ல வேண்டும். குற்றவுணர்ச்சியால் கொடுத்தேன் என்று நினைக்காதே. உன்னைப் போல ஒரு மூக்கு இந்த பஜாரில் வேறு யாருக்கும் கிடையாது. எனக்கு லாபம் என்றுதான் கொடுத்தேன்.

இடுக்கியிலிருந்து வந்த அந்த இருபது சாக்கை நான் மறக்கவில்லை. மிளகுக்கு லிட்டர் எடைதான் ஜாதகம். ஒரு லிட்டர் அளவுப் பாத்திரத்தில் நிரப்பி, எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்ப்போம். எல்லாச் சாக்கிலும் குத்தி, கலந்து, நிறுத்தால் 550. நல்ல சரக்கு. நான் கை நீட்டி விலை பேசப் போனேன். நீ மற்றவர்கள் முன்னால் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாய்.

"சராசரி நல்லாத்தான் இருக்கு முதலாளி. சாக்குதான் நல்லால்ல."

தனித்தனியாக நிறுத்தோம். பதினைந்து சாக்கு 570. ஐந்து சாக்கு 490, உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு. கலந்தால் 550. விற்க வந்தவன் முகம் செத்துப்போயிற்று. அவன் போனதும் நீ என் காதருகே வந்து சொன்னாய், "சராசரி பாத்து எதையும் வாங்காதடா. அதுக்குள்ள யாரு வேணும்னாலும் ஒளிஞ்சுக்கலாம்."

நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று இப்போது தெரியவில்லை.

சாயாக் கடையில் யாராவது உன்னிடம், "இந்த ஆளுகிட்ட என்னத்தக் கண்டு இத்தன வருஷம் ஒட்டிக்கிட்டு இருக்க?" என்று கேட்டால் போதும், ஆரம்பித்துவிடுவாய். "சேட்டா, இவன் எனக்காக வாத்தியாரோட மல்லுக்கு நின்னவன். ஒம்பதாம் க்ளாஸ்ல. ஒங்களுக்காக யாராவது நின்னிருக்கானா?" கேட்டவர்கள் என்னைப் பார்க்கிற பார்வையே மாறும். நான் தலையைக் குனிந்து சாயா குடிப்பேன். அடக்கம் என்று அதற்கும் ஒரு பெயர் கிடைத்தது. வாக்கு சுத்தம், மனசு சுத்தம் என்று இந்த பஜாரில் எனக்கிருந்த பெயரில் பாதி உன் வாயிலிருந்து வந்தது.

உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு. மறைத்து என்ன ஆகப்போகிறது? இருபது சாக்கில் ஐந்து பொக்கை மூக்காலேயே பிடித்தவன் நீ. இத்தனை வருஷத்தில் என்னை ஒரு தடவையாவது குத்திப் பார்த்திருக்கக் கூடாதா? ஒரே ஒரு தடவை, "நெஜமாவே கேட்டியாடா?" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? தெரியாது. நீ கேட்காததால் அதுவும் எனக்கு வசதியாயிற்று.

கடைசியில் கேட்டாய். ஆனால் எப்படிக் கேட்டாய்! எறணாகுளம் ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நின்று நின்று. உன் மனைவி நசீமா பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கீழே போயிருந்தாள்.

"அன்னிக்கு சார்கிட்ட என்னடா சொன்ன? நீ சொன்னதேயில்ல. வார்த்த வார்த்தையாச் சொல்லு. கேக்கணும்."

இதுதான் நேரம் என்று எனக்குத் தெரியும். வியாபாரிக்கு நேரம் தெரியாமல் இருக்குமா? வாயைத் திறந்தேன். வந்தது இது.

"நாப்பது பேர் இருக்கோம் சார், நாப்பது மார்க்தான் கொறயுது. ஆளுக்கு ஒரு மார்க் கூட எடுத்துக் காட்டறோம். அவன அனுப்பாதீங்கன்னு சொன்னேன்."

ஸ்டாஃப் ரூமில் எனக்கு முதலில் தோன்றி, நான் வேண்டாமென்று தள்ளிவிட்ட அதே வழி. அதை எடுத்து உனக்குப் பொய்யாகக் கொடுத்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய். "ஆளுக்கு ஒரு மார்க்கு. அவ்வளவுதானா? மனுஷன் அதுக்குக்கூட ஒத்துக்கலயே." கொஞ்ச நேரம் கழித்து, "நல்ல கணக்குடா" என்றாய்.

மூன்றாம் நாள் உன்னைக் கபரில் இறக்கினோம். மண் தள்ளியவர்களில் நானும் ஒருவன்.

நாற்பதாம் நாளுக்கு முன்னால், இரண்டு வாரம் மனசோடு மல்லுக்கட்டிவிட்டு, உன் வீட்டுக்குப் போய் நசீமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மார்க் லிஸ்ட், பழம்பொரி, ஸ்டாஃப் ரூம் வாசல், ஆஸ்பத்திரியில் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. முழுக்கக் கேட்டாள். அழுவாள், திட்டுவாள், ஒருவேளை மன்னித்தும் விடுவாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

"அண்ணே, அந்த மனுஷன் பள்ளிக்கூடத்துலேர்ந்து கொண்டுவந்தது அது ஒண்ணுதான். எனக்காக ஒருத்தன் பேசினான்னு. மத்தவங்க சர்ட்டிபிகேட்டு வச்சிருக்காங்க, இவரு அத வச்சிருந்தாரு. இப்ப அதையும் திரும்ப வாங்கிட்டுப் போக வந்தீங்களா?"

"அப்படியில்ல நசீமா, எனக்கு நெஞ்சு கனக்குது..."

"கனக்கட்டும்" என்றாள். கீரைக் காம்பை ஒடித்து முறத்தில் போட்டாள். "ரியாஸ்கிட்ட மட்டும் இதச் சொல்லிராதீங்க. சொன்னீங்கன்னா இந்த வாசல்ல ஒங்க செருப்பு கெடக்கக் கூடாது."

"பையன் கேட்டா நான் என்ன சொல்றது?"

"அவுங்க அத்தா சொன்னதையே சொல்லுங்க. நல்லாவே சொல்லுவீங்க. ஒங்களுக்கு வராததா?"

நான் எழுந்தேன். அந்த வீட்டில் சாயா குடிக்காமல் நான் கிளம்பியது அதுதான் முதல் தடவை. அவள் கேட்கவும் இல்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வீடு நிறைய ஆள். உன் மகன் ரியாஸ் காக்கநாட்டிலிருந்து தன்னோடு வேலை பார்க்கிற மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். சாப்பாடு முடிந்து எல்லோரும் விரிப்பில் சாய்ந்திருந்தபோது என் கையைப் பிடித்து அவர்கள் நடுவில் உட்கார வைத்தான். "மாமா, அத்தாவுக்காக நீங்க சார்கிட்ட பேசினதச் சொல்லுங்க. ஆஸ்பத்திரியில அத்தா எனக்குச் சொன்னாரு. நீங்க சொல்லி இவங்க கேக்கணும்." அடுப்படி வாசலில் நசீமா நிற்பது தெரிந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சொன்னேன். முடித்தபோது அந்த மூன்று பேரில் ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அதற்கப்புறம் ரியாஸுக்காக இன்னும் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். கல்யாணம் பேச வந்தவர்களிடம் ஒரு தடவை. அவன் கேட்டால் இனியும் சொல்வேன். உயிரோடு இருக்கிறவர்களில் உண்மை தெரிந்தவர்கள் நானும் அவளும்தான். அவள் வாயைத் திறக்கமாட்டாள். என் வாயை அவள் அடைத்துவிட்டாள். இதற்கு மேல் எனக்கு ஒரு தண்டனையை நீயே யோசித்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டாய்.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்லிவைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் கொஞ்சமாக நன்றாக வருகிறது. முதல் தடவை தட்டுத் தடுமாறினேன். இரண்டாவது தடவை சார் மேசையில் கையை ஓங்கித் தட்டினார். போன மாதம் சொன்னபோது ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்ற பையனைப் பார்த்தேன். ஒல்லி, எண்ணெய் தடவிய தலை, ஒரு பட்டன் இல்லாத சட்டை. மணி அடித்தது. அவன் திரும்பிப் போகவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், நான் அதை நம்பினேன்.